பழைய அவுட்போர்டு எஞ்சின் கிளம்பவில்லையா? கோளாறைத் தேட ஒரு வரிசை

ஃபைபர் படகு ஒன்றும், அதோடு பதினைந்து இருபது வருடம் கடலில் உழைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றும் செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 9.9 ஹெச்.பி. ஆகட்டும், 15, 25, 40 ஆகட்டும், யமஹாவோ சுசுகியோ, அமரத்தில் தொங்கும் இந்த எஞ்சின்கள் வேலை செய்யும் விதம் ஏறத்தாழ ஒன்றுதான். கம்ப்யூட்டர் கிடையாது, கார் எஞ்சினில் இருப்பது போன்ற வால்வு கிடையாது. கையில் ஒரு பிளக் ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளைக் கரையிலேயே சரிசெய்துவிடலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை இன்னும் பல வருடம் ஓடும். அதனால்தான் அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்கிறேன்.

எஞ்சின் கிளம்பவில்லை என்றதும் புதிதாக வந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் யாரோ சொன்னார்கள் என்று கடைக்குப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்து, ஸ்பார்க்குக்கு மின்சாரம் அனுப்பும் சிடிஐ யூனிட் வாங்கி வருகிறார்கள். பிறகு பார்த்தால் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மூடியிருக்கும். கோளாறு தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. செலவில்லாததை முதலில் பாருங்கள், செலவுள்ளதைக் கடைசியில் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவி, எண்ணெயையும் (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, எரிபொருளைத்தான் எண்ணெய் என்கிறேன்) புதிதாக ஊற்றிய பிறகு எஞ்சின் கிளம்பினால், எது சரியானது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த தடவை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

தொடுவதற்கு முன்

பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு வகை, 8, 10, 12 அளவு ஸ்பேனர்கள், கட்டிங் பிளேயர், புது பிளக் ஒரு ஜோடி, கண்ணாடி பாட்டில் ஒன்று, பழைய துணி. இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். கரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கப் பெரிய டிரம் ஒன்று வேண்டும். புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, டிரம் தண்ணீர் அதற்கும் மேலே நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர், தண்ணீரில்லாமல் சுழன்றால் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கிவிடும். டிரம்மில் ஓட்டும்போது புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிடுவது கைக்கும் நல்லது, டிரம்முக்கும் நல்லது.

மேல்மூடியைக் கழற்றிவிட்டுக் கயிறு இழுக்கும்போது தோளில் துண்டு வேண்டாம், லுங்கி நுனி தொங்க வேண்டாம். மேலே சுழலும் ஃப்ளைவீல் எதையும் இழுத்துக்கொள்ளும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது.

முதலில் வெளியே பாருங்கள்

சிவப்புக் கயிற்றோடு வரும், எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல மாடல்களில் கியர் விழுந்திருந்தால் கயிறே இழுபடாது. எண்ணெய்க் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கனெக்டர் க்ளிக் என்று பூட்டியிருக்கிறதா? டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இந்தத் திருகு மூடியிருந்தால் எஞ்சின் கிளம்பும், சில நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் மூச்சுத் திணறி நின்றுவிடும். டேங்கில் எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாததே காரணம். கரையைத் தாண்டி, அலை உடையும் இடத்தில் நின்று தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் உருண்டை, அதாவது பிரைமர் பல்ப். எண்ணெய்ப் பக்கத்துக் கோளாறுகளில் பெரும்பகுதியை இந்த ஒன்றே சொல்லிவிடும். அதன் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பல்பைச் செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள். ஏழெட்டு அமுக்கில் அது கல் மாதிரி இறுகிவிட வேண்டும்.

எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லை என்றால் எங்கோ காற்று உள்ளே வருகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ஓ-ரிங்கை முதலில் பாருங்கள். வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், விலையும் அற்பம். பல்ப் அமுங்கியபடி சப்பையாகவே நின்றுவிட்டால் டேங்க் பக்கம் அடைப்பு: காற்றுத் திருகு, அல்லது டேங்குக்குள் இருக்கும் வலை, அல்லது உள்பக்கம் உரிந்துபோன குழாய். இந்தக் கடைசி ஆள் பொல்லாதவன். வெளியே பார்த்தால் குழாய் நன்றாக இருக்கும். உள்ளே ஒரு தோல் பிரிந்து, எண்ணெயை இழுக்கும்போது மட்டும் வழியை அடைத்துக்கொள்ளும். மூன்றாவது நிலைமை, பல்ப் நன்றாக இறுகிவிட்டது, ஆனாலும் எஞ்சின் கிளம்பவில்லை. அப்படியானால் எண்ணெய் கார்புரேட்டர் வாசல் வரை வந்துவிட்டது. நீங்கள் குழாயை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

எண்ணெயைச் சந்தேகப்படுங்கள்

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, ஒரு கால் மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகப் படியும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தண்ணீரைவிட லேசானவை, எப்போதும் மேலே மிதக்கும். 2T ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக எண்ணெயோடு கலக்கும் ஆயில்) கலந்த நிறம் மேலே இருக்க, அடியில் நிறமில்லாமல் ஒரு கோடு தெரியும். லேசாகச் சாய்த்தால் அந்த அடுக்கு மட்டும் தனியாக உருண்டு ஓடும். அதைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். டேங்கை முழுவதும் கொட்டிக் கழுவுங்கள், கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்று தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2025-இல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவதோ டேங்கின் அடியிலிருந்துதான். அந்தக் கலவையில் 2T ஆயில் சரியாகத் தங்காது என்பதால் பிஸ்டன் ஆயில் பசையில்லாமல் ஓடும் ஆபத்தும் இருக்கிறது. இது போக, இருபது வருடத்துக்கு முன் செய்த ரப்பர் குழாய்களும் எண்ணெய் பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் இவ்வளவு எத்தனாலுக்குத் தயாரிக்கப்பட்டவை இல்லை. ஊறிப்போகும், பிசுபிசுக்கும். எனவே மூன்று காரியம் செய்யுங்கள்: பழைய குழாயை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள், அன்றன்று தேவையான அளவு மட்டும் வாங்குங்கள், ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் கிடந்த பெட்ரோலைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆயில் கலப்பு விகிதமும் முக்கியம். 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. 25-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 400 மில்லி. உங்கள் எஞ்சினுக்கு எது என்பது கையேட்டிலோ மேல்மூடியின் ஸ்டிக்கரிலோ இருக்கும். பக்கத்துப் படகுக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவர் மாடல் வேறாக இருக்கலாம். ஆயில் குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும். கூடினால் பிளக் கருத்து நனைந்து கிளம்பவே கிளம்பாது. டப்பாவில் ‘டிசி-டபிள்யூ3’ (TC-W3) என்ற முத்திரை இருக்கும் ஆயிலையே வாங்குங்கள். பைக்குக்கு விற்கும் 2T ஆயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. அதில் உள்ள சேர்மானங்கள் எரிந்த பிறகு சாம்பலை விட்டுவைக்கும். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து தொல்லை கொடுக்கும்.

ஸ்பார்க் வருகிறதா?

பிளக்கைக் கழற்றுங்கள். சோதிப்பதற்கு முன் அதன் முகத்தைப் பாருங்கள். காபிப்பொடி நிறத்தில் உலர்ந்து இருந்தால் எல்லாம் சரி. கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு நனைந்திருந்தால் அந்த சிலிண்டரில் எண்ணெய் வருகிறது, எரியவில்லை. ஸ்பார்க் இல்லாமல் இருக்கலாம், ஆயில் அதிகமாக இருக்கலாம், சோக்கை (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் மூடியை) இழுத்தபடியே விட்டிருக்கலாம். எவ்வளவு கயிறு இழுத்த பிறகும் பிளக் சுத்தமாகக் காய்ந்து கிடந்தால் எண்ணெயே வரவில்லை, மறுபடி குழாய்ப் பக்கம் போங்கள். நுனி வெளுத்துச் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் எஞ்சின் எண்ணெய் பற்றாமலோ தண்ணீர் பற்றாமலோ அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது. துருவோ நீர்த்துளியோ இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கடல்நீர் இறங்குகிறது என்று சந்தேகியுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது பிளக்கை அதன் கேப்பில் செருகி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இடத்தில் நன்றாகத் தொடும்படி வைத்து, கயிற்றை வேகமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் நல்ல எஞ்சினிலும் ஸ்பார்க் வராது. இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு பிளக்கையும் இப்படி எஞ்சினைத் தொடும்படி வைக்க வேண்டும். கேப் வெறுமனே தொங்கும்படி விட்டு இழுத்தால் சிடிஐ யூனிட் பழுதாக வாய்ப்புண்டு. பிளக் ஓட்டையிலிருந்து எண்ணெய் ஆவி வரும் என்பதால் ஓட்டையைத் துணியால் மூடிவிட்டு, ஸ்பார்க்கை அதிலிருந்து தள்ளி வையுங்கள். வெயிலில் ஸ்பார்க் தெரியாது, நிழலில் பாருங்கள். பளிச்சென்ற நீல நிறம் வேண்டும், சடக் சடக்கென்று சத்தமும் கேட்க வேண்டும். மஞ்சளாக மெலிதாக வந்தால் பலமில்லை.

ஸ்பார்க் வரவில்லையா? முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள். பல யமஹா டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு என்ஜிகே பி7ஹெச்எஸ்-10 என்ற பிளக் வரும். கடைசியில் இருக்கும் 10 என்பது நுனி இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். நடுவில் இருக்கும் எண் கூடக் கூட பிளக் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் வகை. கடையில் “இதுவும் ஒண்ணுதான்” என்று வேறு எண் கொடுத்தால் வாங்காதீர்கள்.

புது பிளக்கிலும் ஸ்பார்க் இல்லை என்றால், சிடிஐ வாங்க ஓடுவதற்கு முன் ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் கோளாறு சுவிட்சில்தான். உப்புக் காற்றில் அந்த சுவிட்சுக்குள் பச்சை படிந்து, எப்போதும் ‘ஆஃப்’ நிலையிலேயே நின்றுவிடும். இந்தச் சோதனையை ஸ்பார்க் பார்க்க மட்டும் செய்யுங்கள். அந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பினால் சுவிட்சால் நிறுத்த முடியாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். அப்படியும் ஸ்பார்க் வரவில்லை என்றால் பிளக் கேப், இக்னிஷன் காயில், எர்த் வயர் இணையும் இடங்கள் இவற்றைச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் காயில்களைச் சோதிக்க மல்டிமீட்டரும் அந்த மாடலின் அளவுகளும் வேண்டும். அந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மலிவு.

குளிர்ந்திருக்கும்போது நன்றாகக் கிளம்பி, அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறிய பிறகு மறுபடி கிளம்புகிற எஞ்சின்கள் உண்டு. இந்தக் கோளாறைக் கரையில் ஆறிய எஞ்சினில் தேடினால் ஒருநாளும் கிடைக்காது. நின்ற உடனே, சூட்டோடு சூடாக ஸ்பார்க்கைப் பாருங்கள். அப்போது இல்லாமல், ஆறியதும் இருந்தால் காயில் அல்லது சிடிஐ சூட்டில் படுத்துவிடுகிறது.

கார்புரேட்டர்

எண்ணெய் நல்லது, ஸ்பார்க் நல்லது, இன்னும் கிளம்பவில்லை. இப்போதுதான் கார்புரேட்டருக்கு முறை. கழற்றுவதற்கு முன் அடிக்கிண்ணத்தில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து, வருவதை ஒரு வெள்ளை மூடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர்த் துளியோ துருவோ பச்சைப் பிசினோ வந்தால் கழற்றத்தான் வேண்டும். சுத்தமான எண்ணெய் தாராளமாக வந்தால் கிண்ணம் வரை பிரச்சினையில்லை.

கழற்றும்போது ஒவ்வொரு படியிலும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள். பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு இருக்கும் பைலட் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன், அதை உள்பக்கம் மெதுவாகத் திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். ஒன்றேகால், ஒன்றரை என்று வரும். திரும்பப் போடும்போது அதே அளவு வெளியே எடுத்து நிறுத்த வேண்டும். முறுக்கி இறுக்கினால் அதன் கூர்முனை நசுங்கிவிடும்.

உள்ளே மிதவை, அதன் ஊசி வால்வு, நடுவே மெயின் ஜெட் (வேகத்தில் ஓட எண்ணெய் விடும் துளை), அருகில் பைலட் ஜெட் (மெதுவாக ஓட எண்ணெய் விடும் துளை). அடைத்துக்கொள்வது பெரும்பாலும் பைலட் ஜெட். அதன் துளை முடி நுழையும் அளவுதான். கம்பி, ஊசி, சைக்கிள் ஸ்போக் எதையும் அதில் விடாதீர்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். துளை ஒரு நூல் பெரிதானாலும் எண்ணெய் அளவு கெட்டுவிடும். அதற்குப் பொருத்தமான சாமான் உங்கள் படகிலேயே இருக்கிறது: மீன் பிடிக்கும் மெல்லிய தங்கூஸ் நரம்பு. அதை நுழைத்து எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதிவிடுங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக, விளிம்பு சுத்தமாக வானம் தெரிய வேண்டும். ரப்பர் பாகங்களில் கிளீனர் படவிடாதீர்கள். கேஸ்கெட் கிழிந்திருந்தால் பசை வைத்து ஒப்பேற்றாமல் புதிது போடுங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால்

கன்னியாகுமரிக் கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகளை நிறையப் பார்க்கலாம். இவை பெட்ரோலில் கிளம்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. கரை சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் கார்புரேட்டர் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் நிற்கும். மறுநாள் விடியற்காலையில் தோள் கழன்றாலும் கிளம்பாது. அப்படி ஆகிவிட்டால் கிண்ணத்தை வடித்து, பிளக்கைத் துடைத்து, எண்ணெய் மாற்றும் திருகைப் பெட்ரோல் பக்கம் திருப்பி, பல்பை அமுக்கிவிட்டு இழுங்கள். கிளப்புவதற்கு வைத்திருக்கும் பெட்ரோலிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெட்ரோல் மாடல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மண்ணெண்ணெய் மாடல்களில் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் அழுத்தத்தை, குறைத்தே செய்திருப்பார்கள். பெட்ரோல் மாடலில் ஊற்றினால் எண்ணெய் நேரம் தவறி வெடித்து, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்வரை போய்விடும்.

கிளம்புகிறது, ஆனால் சரியாக ஓடவில்லை

வேகத்தில் நன்றாக ஓடுகிறது, மெதுவாக்கினால் நின்றுவிடுகிறது என்றால் பைலட் ஜெட். மெதுவாக நன்றாக ஓடி, முழு வேகம் கொடுத்தால் இழுக்காமல் திணறுகிறது என்றால் ஒரு அருமையான சோதனை இருக்கிறது. திணறும் நேரத்தில் கூட இருப்பவரைப் பிரைமர் பல்பை அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கியதும் எஞ்சின் பிய்த்துக்கொண்டு கிளம்பினால் எண்ணெய் பம்ப் தேவையான அளவு இழுக்கவில்லை என்று பொருள். பம்பின் டயாஃப்ரம், ஃபில்டர், குழாய் இந்த மூன்றில் ஒன்று. அமுக்கியும் மாற்றமில்லை என்றால் மெயின் ஜெட்டையோ ஸ்பார்க்கையோ பாருங்கள்.

இரண்டு சிலிண்டர் எஞ்சின் பாதி சக்தியில் உதறிக்கொண்டு ஓடினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. நிறுத்திவிட்டு உடனே இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஈரமாக இருப்பது வேலை செய்யாத சிலிண்டருடையது. பிளக் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஈரம் பிளக்கோடு சேர்ந்து மாறினால் பிளக் கெட்டது, அதே சிலிண்டரிலேயே நின்றால் காயிலும் கேப்பும்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லையா? எஞ்சினில் குறையில்லை, புரொப்பல்லரைப் பாருங்கள். சின்ன எஞ்சின்களில் ஷியர் பின் உடைந்திருக்கும். பெரியவற்றில் புரொப்பல்லரின் நடுவே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கும். ஷியர் பின்னும் ஸ்ப்ளிட் பின்னும் இரண்டிரண்டு எப்போதும் படகில் இருக்கட்டும். உடைந்த பின்னுக்குப் பதில் ஆணி அடித்துவிடாதீர்கள். பாறையிலோ கட்டையிலோ இடித்தால் கியரைக் காப்பாற்றத்தான் அந்தப் பின் உடைகிறது.

தண்ணீர் பீச்சுகிறதா?

எஞ்சின் கிளம்பியதும் திரும்பிப் பார்க்க வேண்டிய முதல் இடம் பின்பக்கத்துச் சின்னத் துளை. அதிலிருந்து தண்ணீர் பலமாகப் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். சூடேறி பிஸ்டன் இறுகுவதற்கு அதிக நேரம் ஆகாது. கடலில் என்றால் எஞ்சினைத் தூக்கி, தண்ணீர் உள்ளே போகும் சல்லடையில் பாலிதீன் பையோ பாசியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் பீச்சும் துளையிலேயே நரம்பை விட்டுக் குத்துங்கள். உப்பு அடைத்திருக்கும், கரையில் ரொம்ப நாள் கிடந்த எஞ்சினில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர். இறக்கை வளைந்து விறைத்தோ ஒடிந்தோ இருக்கும். ஒடிந்திருந்தால் துண்டுகளை எண்ணிப் பாருங்கள், காணாமல் போன துண்டு மேலே தண்ணீர் வழியில் போய் அடைத்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை இம்பெல்லரை மாற்றிவிடுவது நல்ல பழக்கம். மணலும் சேறும் கலந்த கழிமுகத்தில் ஓட்டுபவர்களுக்கு அதற்கு முன்பே தேவைப்படும்.

தண்ணீர் நன்றாகப் பீச்சியும் எஞ்சின் தலை கைவைக்க முடியாமல் கொதித்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கும், அல்லது தண்ணீர் வழிகள் உப்பால் அடைபட்டிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள், தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே திறந்துவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சின் மேல் தண்ணீரை வாரி ஊற்றாதீர்கள், அலுமினியம் விரிசல் விடும். கடலிலிருந்து வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பழைய எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் எனக்குத் தெரியாது.

கம்ப்ரஷனும் கியர் ஆயிலும்

எஞ்சின் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டியவை இவை. இரண்டு பிளக்கையும் கழற்றி, கேப்புகளை எர்த்தில் தொடவைத்து, த்ராட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) முழுக்கத் திறந்து, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொருத்தி நாலைந்து தடவை இழுங்கள். பெட்ரோல் எஞ்சினில் 100 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் நிம்மதி. மண்ணெண்ணெய் மாடலில் இயல்பாகவே குறைவாக இருக்கும். எதுவானாலும் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஒன்று 110, இன்னொன்று 70 என்று காட்டும் எஞ்சினை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

கீழே கியர் பெட்டியின் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் ஆயில் எடுங்கள். பால் கலந்த காபி மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்தால் பல நேரம் காரணம் அங்கேயே சுற்றியிருக்கும்: ஷாஃப்டில் இறுகிய தங்கூஸ் நரம்பு சீலை அறுத்திருக்கும். ஆயில் ஊற்றும்போது அடித் துளையிலிருந்து மேலே ஏற்றுங்கள். மேல் துளையில் வழிந்ததும் மேலே முதலில் மூடி, அப்புறம் கீழே மூடுங்கள். துருவைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அது இருந்தும் பயனில்லை.

கடலில் நின்றுவிட்டால்

மேல்மூடியைத் தூக்குவதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள். நீங்கள் பிளக்கோடு மல்லுக்கட்டும் நேரத்தில் காற்றும் நீரோட்டமும் படகைப் பாறைக்கோ அலை உடையும் இடத்துக்கோ கொண்டுபோய்விடும். பிறகு மேலே சொன்ன வரிசைதான்: கிளிப், காற்றுத் திருகு, பல்ப், பிளக். எண்ணெய் அதிகமாகி நனைந்துவிட்டது என்று தோன்றினால் பிளக்கைத் துடைத்துப் போட்டு, சோக் இல்லாமல் த்ராட்டிலைத் திறந்து வைத்துப் பல தடவை இழுங்கள். கிளம்பியதும் த்ராட்டிலைக் குறைக்கக் கையைத் தயாராக வையுங்கள். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் மேலே உள்ள ஸ்டார்ட்டரைக் கழற்றி, முடிச்சுப் போட்ட தனிக் கயிற்றை ஃப்ளைவீல் வெட்டில் மாட்டிச் சுற்றி இழுக்கலாம். அந்தக் கயிறும் அதற்கான ஸ்பேனரும் படகில் இருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே உதவி கேளுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. விஹெச்எஃப் ரேடியோ இருந்தால் சேனல் 16. துடுப்பு இல்லாமல், எஞ்சினை மட்டும் நம்பிக் கரையை விட்டுப் போகவே கூடாது.

எஞ்சின் கடலில் முங்கிவிட்டால்

கரையேறும்போது அலை புரட்டி எஞ்சின் முங்குவது நம் கடற்கரையில் அடிக்கடி நடக்கும். இதில் நேரம்தான் எல்லாம். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு, காற்றுப் பட்டதும் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். முதலில் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தாலோ மணல் கரகரத்தாலோ அதற்கு மேல் சுற்றாதீர்கள், எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். ஓடிக்கொண்டிருந்தபோதே முங்கிய எஞ்சினாக இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கவும் கூடும்.

தாராளமாகச் சுற்றினால் நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, பிளக் ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி எஞ்சினைச் சாய்த்து, தண்ணீர் வடியும்வரை கயிற்றை மெதுவாக இழுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தை வடியுங்கள். பிளக் ஓட்டைகளில் கொஞ்சம் 2T ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். வயர் இணைப்புகளைக் காயவைத்து, புது பிளக், புது எண்ணெயோடு கிளப்பி, டிரம்மில் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். பேரிங்குகளில் ஒளிந்திருக்கும் ஈரம் அந்தச் சூட்டில்தான் வெளியேறும். அன்றைக்கே இதைச் செய்ய வழியில்லை என்றால், மெக்கானிக் வரும்வரை எஞ்சினை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் முழுவதும் முங்கும்படி வைத்துவிடுங்கள். கரையில் காற்றுப்படக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.